சி.எஸ். சேஷாத்ரி: தற்செயலை ஏற்பாடாக்கியவர்

கணித அறிஞர் ஒருவர் மறைந்தால் வரும் அஞ்சலிக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. முதலில் அவர் நிறுவிய தேற்றங்கள், அடுத்து விருதுகள், பிறகு அவர் தொடங்கிய நிறுவனம், கடைசிப் பத்தியில் அவருக்குச் சங்கீதத்தில் இருந்த ஈடுபாடு. 2020 ஜூலை 17 அன்று, ஊரடங்கின் நடுவே, சென்னையில் 88 வயதில் காலமான சி.எஸ். சேஷாத்ரிக்கும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் எழுதினார்கள். வரிசையில் பொய் ஒன்றும் இல்லை. நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 2009இல் பத்மபூஷண், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகம், கர்நாடக சங்கீதம் எல்லாமே உண்மை. ஆனால் இப்படி அடுக்கும்போது இரண்டு மனிதர்கள் தோன்றிவிடுகிறார்கள். ஒருவர் 1984 வரை பம்பாயில் உட்கார்ந்து கணிதம் செய்த ஆய்வாளர். இன்னொருவர் அதன்பின் சென்னைக்கு வந்து கட்டடமும் நிதியும் தேடி அலைந்த நிர்வாகி. உடன் பணியாற்றியவர்கள் சொல்லும் நினைவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இந்தப் பிரிவினை நிற்காது என்று தோன்றுகிறது. தனக்குத் தற்செயலாக வாய்த்த ஒன்றை அடுத்த தலைமுறைக்கு நிரந்தர ஏற்பாடாக்கித் தர அவர் முயன்றார். அந்த முயற்சி அவருடைய கணிதத்திலிருந்தே கிளைத்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தற்செயல் என்று சொல்வது எதை என்று பார்ப்போம். சேஷாத்ரி 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தந்தை வக்கீல், வளர்ந்தது செங்கல்பட்டில். அந்தக் காலத்தில் அங்கிருந்து கணக்கில் கெட்டிக்காரனாகப் புறப்படும் பையன் சர்க்கார் உத்தியோகத்துக்கோ என்ஜினீயரிங்குக்கோ போவதுதான் வழக்கம். சென்னை லயோலா கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் சேர்ந்தபோது அங்கே சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். இவர் பாரிஸில் எலீ கார்ட்டானிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். ஆந்த்ரே வேய், ஆன்ரி கார்ட்டான் போன்றோருக்கு நண்பர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கணிதத்தை அடியோடு மாற்றி எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குழுவுக்கும் நுங்கம்பாக்கத்து வகுப்பறை ஒன்றுக்கும் நடுவே இருந்த ஒரே கம்பி அவர்தான். அன்றைய பாடத்திட்டம் பல பத்தாண்டுகள் பின்தங்கிய ஆங்கிலப் பாடநூல்களைச் சுற்றியே ஓடியது. கணிதம் இன்று எங்கே நடக்கிறது, அடுத்து எங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று கெட்டிக்கார மாணவர்களுக்குச் சொல்ல ரசீனால் முடிந்தது. கே.ஜி. ராமநாதன், எம்.எஸ். நரசிம்மன், சேஷாத்ரி, ராகவன் நரசிம்மன், சி.பி. ராமானுஜம் என்று பின்னாளில் உலகம் அறிந்த பலரும் அந்த ஒரு கல்லூரியின் வழியாக வந்தவர்கள். தமிழ்நாட்டில் அப்போது எத்தனையோ கல்லூரிகள் இருந்தன. ரசீன் இருந்தது ஒன்றில்தான். வேறு கல்லூரியில் சேர்ந்திருந்த, இவர்களுக்குச் சமமான புத்திக்கூர்மை கொண்ட மாணவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமலே போயின.

இரண்டாவது தற்செயல் பம்பாய். ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. சந்திரசேகரன் ஒரு கணிதப் பள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தார். 1953இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சந்திரசேகரன் கையாண்ட முறை எளியது. லோரான் ஷ்வார்ட்ஸ், சீகல் போன்ற உலகின் முன்னணிக் கணிதர்களை அழைத்து மாதக்கணக்கில் விரிவுரை ஆற்றச் சொல்வார்கள். அந்த விரிவுரைகளைக் குறிப்பாக எழுதி நூலாக்கும் வேலை ஆராய்ச்சி மாணவர்களுடையது. எழுத உட்கார்ந்தவனுக்குப் புரியாமல் எழுத முடியாது. விரிவுரையாளர் 'இது வெளிப்படை' என்று தாண்டிப்போன இடத்தில் அவன் மாட்டிக்கொள்வான். நிரூபணத்தை அவனேதான் தேடிப் போட வேண்டும். இப்படி வந்த குறிப்பு நூல்கள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. 1957இலிருந்து மூன்று ஆண்டுகள் சேஷாத்ரி பாரிஸில் இருந்தார். ரசீன் சொல்லக் கேட்டிருந்த உலகத்தை இப்போது நேரில் பார்த்தார். பல மாறிகள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளின் மேல் அமையும் ஒருவகை இயற்கணித அமைப்புகள் எல்லாம் எளிய வடிவிலேயே இருந்தாக வேண்டுமா என்று ஜான் பியர் செர் 1955இல் கேட்டிருந்தார். இரண்டு மாறிகளுக்கு 'ஆம்' என்று 1958இல் நிரூபித்தவர் 26 வயது சேஷாத்ரி. எத்தனை மாறிகளானாலும் 'ஆம்'தான் என்று க்வில்லனும் சுஸ்லினும் தனித்தனியே காட்ட 1976 ஆயிற்று.

அவர் பெயரை நிலைநிறுத்திய தேற்றம் 1965இல் வந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மிகக் கடினமானது' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்கலாம், நம் வாதத்துக்கும் அது தேவை. மெதுவடையின் மேற்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளைக்குப் பதில் இரண்டோ மூன்றோ இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு வெளியை நட வேண்டும். புள்ளிக்குப் புள்ளி நகரும்போது அந்த வெளி சிக்கலெண் சார்ந்த ஒழுங்குடன் சீராக மாறிக்கொண்டே வர வேண்டும். இதற்கு வெக்டர் பண்டில் என்று பெயர். இப்படி எத்தனை விதமாக நடலாம் என்று பட்டியலிடப் போனால் பட்டியல் கட்டுக்கடங்காமல் போகும். எவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டியல் ஒழுங்காக அமையும் என்பதற்கு டேவிட் மம்ஃபோர்டு 1962இல் ஓர் அளவுகோல் தந்தார்; அதில் தேறியவை 'நிலையான' பண்டில்கள். இது இயற்கணிதத்தின் பக்கம். மறுபக்கம் முற்றிலும் வேறு விஷயம் ஒன்று இருக்கிறது. பரப்பில் ஓர் இடத்தில் கிளம்பி, துளைகளைச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாதைக்கும் நீளம் மாறாத ஒரு சுழற்சியைப் பொருத்த வேண்டும். இரண்டு பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் அவற்றின் சுழற்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர வேண்டும். இந்தப் பொருத்தங்களில் மேலும் உடைக்க முடியாதவற்றின் பட்டியலும், படி பூஜ்யமாக உள்ள நிலையான பண்டில்களின் பட்டியலும் ஒன்றே என்பதுதான் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம். சமன்பாட்டுக்காரர்களும் வடிவக்காரர்களும் தனித்தனியே தேடிக்கொண்டிருந்தது ஒரே பொருள் என்று ஆயிற்று. 1983இல் சைமன் டொனால்ட்சன் இதற்கு வகை நுண்கணித வழியில் வேறொரு நிரூபணம் தந்தபின், இயற்பியலின் கேஜ் கோட்பாடு வரை இதன் வேர் ஓடியது.

இந்தத் தேற்றத்தில் நம் வாதத்துக்கு வேண்டியது அதன் உள்ளடக்கத்தைவிட அது பிறந்த விதம். கருவிதை ஆந்த்ரே வேய் 1938இல் எழுதிய கட்டுரை. நரசிம்மன் பகுப்பாய்வு கற்றுத் தேர்ந்தவர், சேஷாத்ரி இயற்கணித வடிவியல்காரர். தனியாக இருந்தால் ஒருவருக்கு ஒரு பக்கம்தான் தெரிந்திருக்கும். ஒரே கல்லூரி, ஒரே ஆசான், ஒரே ஆண்டில் பம்பாய், ஒரே காலத்தில் பாரிஸ் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அருகருகே இருந்தவர்கள், நினைத்த நேரத்தில் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க முடிந்தவர்கள் செய்த வேலை அது. தனிமையில் தவமிருக்கும் மேதை என்ற சித்திரம் நமக்குப் பிடித்தமானது. சீனிவாச ராமானுஜன் கதை அதை இன்னும் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறது. சேஷாத்ரியின் கணித வாழ்க்கையில் அதற்கு ஏறக்குறைய இடமே இல்லை. மேத்தாவுடன் ஒரு பெரிய கட்டுரை, லட்சுமிபாயுடனும் முசிலியுடனும் ஒரு நீண்ட தொடர், பாலாஜியுடன் முதுமையில் செய்தது என்று அவருடைய முக்கியமான பணிகளில் கணிசமானவை கூட்டாளி பெயருடன்தான் வருகின்றன. அந்தக் கூட்டாளிகளில் பலர் அவரைவிட இளையவர்கள். இளையவரோடு உட்கார்ந்து வேலை செய்வதும் கற்பிப்பதும் எங்கே பிரிகின்றன என்று அந்தக் கட்டுரைகளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கணிதர்கள் தங்களில் ஒருவர் போனபின் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பதற்கும் ஒரு நல்ல சான்று சேஷாத்ரியின் கையாலேயே இருக்கிறது. ரசீனின் மாணவர் வரிசையில் மேலே சொன்ன சி.பி. ராமானுஜம் 1974இல், 36 வயதில் மறைந்தார். மம்ஃபோர்டும் ஷஃபரேவிச்சும் டாட்டா நிறுவனத்தில் ஆற்றிய விரிவுரைகள் நூலாகியபோது அவற்றில் அவருடைய உழைப்பு கலந்திருந்தது. அவருக்காக டாட்டா நிறுவனம் 1978இல் ஒரு நினைவு நூல் கொண்டுவந்தது. அதில் நினைவுக் குறிப்புகளும் உண்டு, புதிய கணிதமும் உண்டு. சேஷாத்ரி அதற்குக் கொடுத்தது 'ஜியோமெட்ரி ஆஃப் ஜி பை பி' என்ற கட்டுரை, தொடரின் முதல் பகுதி. ஹாட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1940களில் ஒரு குறிப்பிட்ட வடிவக் குடும்பத்துக்குக் கண்ட ஒரு கணக்கு முறையை, அதாவது அந்த வடிவத்தின் மேல் உள்ள சார்புகளை ஒன்றும் விடுபடாமல், ஒன்றும் இருமுறை வராமல் எழுதும் விதியை, மிகப் பரந்த ஒரு குடும்பத்துக்கு நீட்டும் திட்டம் அங்கிருந்து தொடங்கியது. அடுத்தடுத்த பகுதிகளை லட்சுமிபாயோடும் முசிலியோடும் சேர்ந்து எழுதினார். 1990களில் ஜெர்மானியர் பீட்டர் லிட்டல்மன் அதை நிறைவுக்குக் கொண்டுவந்தார். இறந்த நண்பனுக்கு மாலையாகப் போட்ட கட்டுரையிலிருந்து இருபது ஆண்டு ஆராய்ச்சி முளைத்திருக்கிறது. இந்தத் துறையில் அஞ்சலிக்கும் பணிக்கும் இடையே சுவர் இல்லை.

1984இல் சேஷாத்ரி டாட்டா நிறுவனத்தை விட்டுச் சென்னை வந்தார். முதலில் தரமணியில், பலரும் மேட்சயன்ஸ் என்று அழைக்கும் கணித அறிவியல் நிறுவனம். 1989இல் உரக் கம்பெனியான ஸ்பிக் நடத்திய அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஒரு சிறு கணிதப் பள்ளி, தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் வாடகை இடம். உரக் கம்பெனிக்கும் இயற்கணித வடிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்காதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். அதுவே 1990களின் பிற்பகுதியில் சென்னை கணிதக் கழகம் ஆனது. ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்று என்றால் அதில் பெரிய புதுமை இல்லை. 1998இல் அவர் செய்ததுதான் புதுமை: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கணிதமும் கணினி அறிவியலும் கலந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் தொடங்கினார். இந்தியாவில் ஆராய்ச்சி ஒரு இடம், இளநிலைப் பட்டம் இன்னொரு இடம் என்ற பிரிவு அதற்குள் இறுகியிருந்தது. ஆராய்ச்சி நிறுவனங்களில் பதினெட்டு வயதுக்காரர்கள் கிடையாது. பதினெட்டு வயதுக்காரர்கள் இருந்த கல்லூரிகளில் ஆராய்ச்சி அபூர்வம். விதிவிலக்கு உண்டு, இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1960இலிருந்தே கொல்கத்தாவில் இளநிலைப் படிப்பு நடத்திவந்தது. ஆனால் அதற்குப் பின்னால் நாடாளுமன்றச் சட்டம் இருந்தது. ஜி.என். செட்டி சாலையில் அப்படி எதுவும் இல்லை. பட்டம் கொடுக்கும் அதிகாரமே கிடையாது. ராயல் சொசைட்டி உறுப்பினர் ஒருவரின் நிறுவனத்தில் படித்த மாணவர்களுக்குப் பட்டச் சான்றிதழ் போபாலில் உள்ள மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது 2006இல்தான். சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குக் குடிபோனது அதற்கு முந்தைய ஆண்டு. பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஐ.ஐ.டி. கைக்கெட்டும் மதிப்பெண் இருக்கிறது. இங்கோ சொந்தக் கட்டடம் இல்லை, பட்டம் அஞ்சல் வழிக் கல்வி போலத் தோற்றம் தருகிறது. கையில் இருந்தது யார் பாடம் நடத்துகிறார்கள் என்ற ஒரே ஒரு சங்கதி. ரசீனிடம் படித்த லயோலா மாணவனிடம் இருந்ததும் அது ஒன்றுதான். இந்த இடத்தில்தான் இரண்டு சேஷாத்ரிகளும் ஒருவராகிறார்கள். பாரிஸோடு தொடர்புள்ள ஆசான், உடன் படிக்கும் சமமான தோழன், ஆராய்ச்சியாளர்களின் கதவைத் தட்டும் உரிமை என்று தனக்குச் சந்தர்ப்பவசமாகக் கிடைத்த மூன்றையும் ஒரு நுழைவுத் தேர்வுக்குப் பின்னால் வைத்தார். பாரிஸின் எக்கோல் நார்மாலுக்கு மாணவர்கள் போய்வரும் பரிமாற்ற ஏற்பாடுகூட அதில் சேர்த்தி.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். முதல் ஆட்சேபம் ஆதாரத்தைப் பற்றியது. இறந்தவரைப் பற்றி உடன் வேலை செய்தவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள், எழவு வீட்டில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தப் பேச்சை வைத்து வாதம் கட்டலாமா? பெயரடைகளை நம்ப வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். எளிமையானவர், பெருந்தன்மையானவர் என்பதெல்லாம் எல்லோருக்கும் சொல்லப்படுபவை. ஆனால் நினைவுகளில் சோதித்துப் பார்க்கக்கூடியவையும் உண்டு. சேஷாத்ரி இளையவர்களைத் தம் துறைக்குள் இழுத்துப் போடாமல் அவரவர் போக்கில் விட்டார் என்பது அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒன்று. பொய்யானால் எளிதில் வெளுத்துவிடும் கூற்று அது. கழகத்தைப் பார்த்தால் தெரிகிறது: கணினி அறிவியலில் ஆய்வு செய்யாத வடிவியல்காரர் தொடங்கிய நிறுவனத்தில் கோட்பாட்டுக் கணினி அறிவியல் தொடக்க நாளிலிருந்தே கணிதத்துக்குச் சமமான இடத்தில் இருந்தது. 2010இல் அவர் இயக்குநர் பொறுப்பை விட்டபோது அடுத்து வந்த ராஜீவ கரந்திகர் நிகழ்தகவு, புள்ளியியல் அறிஞர். 2021இல் வந்த மாதவன் முகுந்த் கணினி அறிவியல்காரர். மூன்று இயக்குநர்கள், மூன்று துறைகள். தம் சீடப் பரம்பரையை வளர்க்க மடம் கட்டியவர் இப்படி விட்டுப் போயிருக்க மாட்டார். நம் ஊரில் ஒருவர் தொடங்கிய நிறுவனம் அவர் காலத்துக்குப் பின் என்ன ஆகிறது என்பதற்கு உதாரணங்கள் வேண்டிய அளவு உண்டு, எதையும் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. அவ்வளவு பெரிய கணிதர் ஐம்பது வயதுக்குமேல் நிதி கேட்டும் அனுமதி கேட்டும் அலைந்ததில் கணிதத்துக்கு நஷ்டம்தானே? அவர் செய்திருக்கக்கூடிய தேற்றங்களை யார் செய்வார்கள்? இதை வாய் வார்த்தையில் தள்ளிவிட முடியாது. 1965இல் செய்ததற்கு நிகரான ஒன்றைச் சென்னை ஆண்டுகளில் அவர் செய்யவில்லை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பம்பாயிலேயே இருந்திருந்தால் செய்திருப்பார் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கணிதத்தில் நாற்பதுக்குமேல் முதல் சாதனையைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம். மாறாக, பாலாஜியோடு சேர்ந்து அவர் எழுதிய, நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தின் உலகைப் பொதுவான குலங்களுக்கு விரிக்கும் கட்டுரை 2015இல் அச்சேறியது. அப்போது அவருக்கு 83 வயது. கழகத்தை நடத்தியது ஆராய்ச்சியைத் தின்றுவிட்டது என்றால் அந்தக் கட்டுரை எங்கிருந்து வந்தது? அது கழகத்தின் உள்ளிருந்தே, அங்கே அவருக்குக் கிடைத்த கூட்டாளியோடு வந்தது. ஆய்வாளன் ஒரு பேரேடு, நிர்வாகி ஒரு பேரேடு என்று பிரித்துக்கொண்டால் மட்டுமே ஒன்றின் வரவு இன்னொன்றின் செலவாகத் தெரியும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் பாதி விடைதான் உண்டு. ஆண்டுக்குச் சில பத்துப் பேரைக் கடினமான நுழைவுத் தேர்வால் பொறுக்கி எடுக்கும் நிறுவனத்தால், கோவில்பட்டியிலோ தர்மபுரியிலோ அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? ரசீனின் வகுப்பறை இன்னும் ஒரு வகுப்பறையாகவே இருக்கிறதே, தற்செயலை முழுக்க ஒழித்தாகவில்லையே? விடையின் பாதி இது. ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் இளநிலை மாணவரை விடலாம், விட்டால் ஆராய்ச்சி கெடாது என்று 1998இல் செய்து காட்டப்பட்டது. 2000இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பெங்களூரில் கணிதப் பட்டப்படிப்பு தொடங்கியது. 2006இலிருந்து ஐசர் நிறுவனங்கள் வந்தன. 2011இல் இந்திய அறிவியல் கழகமே இளநிலை வகுப்புகளைத் திறந்தது. இவையெல்லாம் சேஷாத்ரியைப் பார்த்துச் செய்தவை என்று சொல்ல மாட்டேன், அவற்றுக்கு அவற்றின் காரணங்கள் உண்டு. 'இது இங்கே நடக்காது' என்ற பேச்சு மட்டும் அதன்பின் எடுபடவில்லை. மறுபாதி இன்னும் கேள்வியாகவே இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் இன்றும் ஆராய்ச்சி செய்கிறவர் பாடம் நடத்துவது அபூர்வம். பாடம் நடத்துகிறவருக்கு ஆராய்ச்சி செய்ய நேரமில்லை, பல இடங்களில் நிரந்தர வேலையே இல்லை. கௌரவ விரிவுரையாளராகப் பத்து ஆண்டு ஓட்டுகிறவரிடம் ரசீனாக இரு என்று சொல்வது நியாயமும் இல்லை. தனியார் நன்கொடையும் அணுசக்தித் துறையின் மானியமும் கொண்டு ஒரு கழகம் செய்ய முடிந்ததை நூற்றுக்கு மேற்பட்ட அரசுக் கல்லூரிகளில் செய்ய வேண்டுமானால், அந்தக் காலியிடங்களை நிரப்புவதிலும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்ற கணக்கை மாற்றுவதிலும்தான் தொடங்க வேண்டியிருக்கும். அதைச் செய்யும் அதிகாரம் எந்தக் கணிதரிடமும் இல்லை, கோட்டையில் இருக்கிறது.